எந்த முட்டியால் குத்துவது?

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாணவர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதத்தில் மூன்றே வரிகள். முதல் வரி வணக்கம். மூன்றாம் வரி நன்றி. நடுவில் உள்ள வரி இதுதான்: “குத்தும்போது எந்த விரல் முட்டி படும்படி குத்த வேண்டும்?” யாரைக் குத்தப் போகிறார், என்ன காரணத்துக்காகக் குத்தப் போகிறார் என்பதையெல்லாம் அவர் எழுதவில்லை.

இக்கடிதத்தை இரண்டு வாரம் மேசை இழுப்பறையிற் போட்டு வைத்திருந்தேன். தாய்மாரும் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைத் தேநீரோடு படிக்கும் பக்கத்திலே குத்துவது எப்படி என்று ஓர் ஆசிரியன் எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம். என் மனைவிக்கு அந்தத் தயக்கம் இல்லை. “கேட்ட பிள்ளைக்கு நீங்கள் பதில் சொல்லாவிட்டால் அது போய்ச் சுவரிடம் கேட்கும்” என்றாள். சுவர் சொல்லும் பதில் எத்தகையது என்பதை முன்னொருமுறை என் வகுப்பிலேயே கண்டவன் நான். ஆதலால் எழுதத் துணிந்தேன்.

அந்த மாணவன் சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கையில் ஒருநாட் காலை வலக்கையைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே வகுப்புக்கு வந்தான். கொப்பியைத் திற என்றேன்; இடக்கையாற் திறந்தான். கையை வெளியே எடுக்கச் சொன்னேன். சிறுவிரலின் அடிப்பக்கம் எலுமிச்சங்காயளவு வீங்கிக் கறுத்திருந்தது. “விழுந்துவிட்டேன் சேர்” என்றான். நானும் நம்பி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த இளம் வைத்தியர் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, விழுகிறவன் கையை விரித்துக்கொண்டு விழுவான். நீ மூடிக்கொண்டு விழுந்திருக்கிறாய். எதிரே இருந்தது சுவரா, மண்டையா?” என்றார். மண்டைதான். கரப்பந்தாட்டத்தில் எழுந்த வாக்குவாதம். எதிராளி தலையைக் குனிந்துகொள்ள, குத்து நெற்றியில் விழுந்தது. நெற்றிக்காரனுக்கு ஒரு சிறு வீக்கம், இரண்டு நாளில் வற்றிவிட்டது. குத்தியவனுக்கு எலும்பு முறிவு.

வைத்தியர்கள் இம்முறிவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘குத்துச்சண்டைக்காரர் முறிவு’ என்று பொருள்படும். இதைப்போலப் பொருந்தாப் பெயர் வேறொன்றில்லை. பயின்ற குத்துச்சண்டைக்காரரிடம் இம்முறிவை அரிதாகவே காண்பர். இது பெரும்பாலும் குத்தத் தெரியாத இளைஞர்களுக்கு, கோபத்தில் வருவது. ஏன் அவ்வாறு என்பதை அறிந்தால் கடிதம் எழுதிய தம்பியின் வினாவுக்கு விடை தானே கிடைத்துவிடும்.

வாசகர்கள் வலக்கையைச் சற்றே தளர்வாகப் பொத்திப் பிடித்துக்கொள்க. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் நான்கு புடைப்புகள் தெரியும். இவற்றையே நாம் முட்டி என்கிறோம். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் மொழி என்பர். ஒவ்வொரு முட்டியும் உள்ளங்கைக்குள் ஓடும் ஒரு நீண்ட எலும்பின் தலை. இனி இடக்கையின் இரு விரல்களாற் சுட்டுவிரலின் முட்டியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசையாது. நடுவிரலின் முட்டியும் அப்படியே. மோதிரவிரலின் முட்டியைப் பிடியுங்கள், சற்று அசையும். சிறுவிரலின் முட்டியோ கட்டுத்தளர்ந்த கதவுபோல நன்றாகவே ஆடும். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய எலும்புகள் மணிக்கட்டிலே தறித்து அடித்த முளைகள்போல் இறுகியிருக்கின்றன. சிறுவிரலுக்குரியதோ ஏறக்குறைய 30 பாகை வரை மடங்கவல்லது.

இன்னுமொன்று. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் ஆரை, அரந்தி என இரண்டு எலும்புகள் உண்டு. மணிக்கட்டில் வந்து விழும் பாரத்தில் ஐந்தில் நான்கு பங்கை ஆரை எலும்பே தாங்குகிறது. அது பெருவிரற் பக்கத்து எலும்பு. சுட்டுவிரலும் நடுவிரலும் அதன் நேர்கோட்டில் இருக்கின்றன. எனவே அவ்விரண்டு முட்டிகளும் முன்னே படும்படி குத்தினால், அடியின் எதிர்விசை நேராக ஆரை வழியே முழங்கைக்கும் தோளுக்கும் போய்விடும். சிறுவிரல் முட்டி முந்திப் பட்டால் விசை நேரே போக வழியின்றி, மெலிந்த அந்த எலும்பின் கழுத்தை மடக்குகிறது, அங்கேதான் முறிகிறது. முறிந்த தலை உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். கையை வீசிச் சுழற்றிக் குத்துகிறவனுக்கு எப்போதும் முந்திப் போய்ப் படுவது சிறுவிரற் பக்கமே. பயிலாதவர் எல்லாரும் அவ்வாறு வீசியே குத்துகின்றனர்.

ஆகவே விடை: சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய இரண்டின் முட்டிகள். ஒக்கினாவாவிற் பிறந்த கராத்தே வித்தையிலும் இவ்விரண்டையே பயிற்றுகின்றனர். வைக்கோற் கயிறு சுற்றிய கம்பத்தில் அவ்விரு முட்டிகள் மட்டும் படும்படி பல ஆண்டுகள் குத்திப் பழகுகின்றனர்.

இதை மறுத்தவர்களும் உளர். அவர்களிற் பெரியவர் ஜாக் டெம்ப்சி. 1919 முதல் 1926 வரை உலகக் கனரகக் குத்துச்சண்டை வீரராய் விளங்கியவர். 1950இல் அவர் வெளியிட்ட பயிற்சி நூலில், தோளிலிருந்து புறப்படும் விசை கையின் கீழ்ப்புறமாக ஓடிச் சிறுவிரல் முட்டியிலேயே முடிகிறதென்றும், ஆகையால் நடுவிரல், மோதிரவிரல், சிறுவிரல் ஆகிய மூன்றின் முட்டிகளும் சேர்ந்து பட வேண்டுமென்றும் வாதித்தார். முஷ்டியை நிமிர்த்தி, பெருவிரல் வானைப் பார்க்கக் கையை நீட்டிப் பார்த்தால் அவர் சொன்னதிற் பொருளுண்டு என்பது விளங்கும். சீனத்து விங் சுன் வித்தையினரும் முஷ்டியை நிமிர்த்தி இம்மூன்று முட்டிகளையே பயன்படுத்துகின்றனர். ஒரு பெரிய வீரருடைய கருத்தைப் பள்ளி ஆசிரியன் ஒருவன் தள்ளிவிடுவது அழகன்று. எனினும் டெம்ப்சி பெயர்பெற்றது கையுறைக்குள்ளே துணி சுற்றிய கையால். வெறுங்கையோடு கோபத்திற் குத்தும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதை எக்ஸ்ரே படம் பார்ப்பவர்களிடமே கேட்க வேண்டும். நான் வைத்தியர் பக்கம்.

நம்மவர் குட்டும் முட்டி வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிள்ளையார் முன்னின்று நெற்றியிற் குட்டிக்கொள்கிறோமே, அதற்குப் பயன்படுவது விரலின் இரண்டாம் கணு. பழைய வாத்தியார்கள் மாணவர் தலையிற் குட்டியதும் அதனாலேதான். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையாற் குட்டுப்பட வேண்டும் என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே என்னை ஒருவர் கணக்குப் படிப்பித்தார். மோதிரம் அவர் கையில் இருந்தது, கணக்கு என் தலையில் ஏறவில்லை. 2005ஆம் ஆண்டு கல்வி அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்தண்டனையை விலக்கியது. அக்கணு குட்டுவதற்கே போதும், குத்துவதற்கு ஆகாது. பின்னே துணையாக எலும்பு ஏதுமின்றி விரல் மடங்கிவிடும்.

வெறும் முஷ்டியால் மண்டையைக் குத்துவது ஆபத்து என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கம்சன் சபையிலே பலராமனோடு பொருதவன் பெயர் முஷ்டிகன்; முஷ்டியே பெயராயினும் அவன் மல்லனாகவே சொல்லப்படுகிறான். காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் மாமல்லன் என்றே தன்னை அழைத்துக்கொண்டான். இங்கே கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கெ தேவாலயத்து மரத்தூண்களிற் செதுக்கப்பட்டிருப்போரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து நிற்கும் மல்லர்களே. பிடித்தலும் வீழ்த்தலுமே நம் பக்கத்துப் பெருமை. தலையிற் குத்துவதுதான் நோக்கம் என்று வந்தபோது வெறுங்கையை எவரும் நம்பவில்லை. மைசூர்த் தசராவில் நடைபெறும் வஜ்ரமுஷ்டிப் போரிலே, ஜெட்டி மரபு மல்லர் முட்டிகளின்மேற் கூர்முனைகளுள்ள கருவியொன்றை அணிந்துகொள்வர். எதிரியின் தலையில் முதற்றுளி இரத்தம் கண்டதும் போர் முடிந்துவிடும். முட்டிக்கு மேலே மற்றொரு முட்டி செய்து மாட்டிக்கொண்டார்கள் என்று கொள்க.

இங்கிலாந்திலே வெறுங்கைக் குத்துச்சண்டை நெடுங்காலம் நடந்தது. 1743இல் ஜாக் புரௌட்டன் அதற்கு முதன்முதலாக விதிகள் வகுத்தார். பயிற்சியின்போது மெத்தை வைத்த உறையை அணியச் செய்தவரும் அவரே. பின்னர் 1867இல் வெளிவந்த குவீன்ஸ்பரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. எதிரிக்கு இரக்கம் காட்டவே கையுறை வந்ததென்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பது குத்துகிறவன் கையை. கை நோகாதபடியால் அவன் அச்சமின்றித் தலையையே குறிபார்த்துக் குத்துகிறான். அதனால் மூளைக்கு வரும் கேடு பெரிது. வெறுங்கையோடு நின்றவனுக்குத் தன் எலும்பே கடிவாளமாயிருந்தது.

சரியான முட்டியாற் குத்தினாற் போதுமா என்றால், அதுவும் போதாது. 1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மைக் டைசன் உலகக் கனரக வீரராயிருந்த காலம். நியூயோர்க் நகரத்து ஹார்லெம் பகுதியில், விடிவதற்கு முன் ஓர் உடுப்புக் கடை வாசலில், மிட்ச் கிறீன் என்ற மற்றொரு குத்துச்சண்டைக்காரரோடு தெருச்சண்டை மூண்டது. டைசன் வெறுங்கையாற் குத்தினார். கிறீனின் கண் வீங்கி மூடிக்கொண்டது. டைசனின் வலக்கையில் நடுவிரலுக்குரிய எலும்பு கீறிற்று. அதாவது, பட வேண்டிய முட்டியே பட்டது. உலகிற் குத்தத் தெரிந்தவர் என்று ஒருவரைச் சொல்வதானால் அன்று அவரைத்தான் சொல்ல வேண்டும். அவர் கையும் முறிந்தது. நடக்கவிருந்த போட்டியும் தள்ளிப்போயிற்று. கூலி குறையாத மனிதர் அவர். கையை மாவுக்கட்டில் வைத்துக்கொண்டு நாட்கழிக்க அவரால் முடியும்.

தோட்டத்தில் அது முடியாது. எலும்பு பொருந்துவதற்கு மூன்று நான்கு வாரம் கட்டு. அதன்பின் விரல் விறைப்பு நீங்க மேலும் சில வாரம். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேரில்லை. பேரில்லாத நாளுக்குச் சம்பளமில்லை.

சிறுவிரற் பக்கத்து எலும்புகள் ஆடுகின்றனவே, இறைவன் அவற்றை ஏன் தளர்வாகப் படைத்தான் என்று முன்பெல்லாம் எண்ணியதுண்டு. விடை நம் இறப்பர்க் காட்டிலேயே இருக்கிறது. கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் விடியுமுன்னே பால்வெட்டச் செல்வோரைக் கண்டிருப்பீர்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரப்பட்டையைச் சரிவாக, மெல்லியதாகச் சீவ வேண்டும். உள்ளேயிருக்கும் வளர்படையை ஒரு மில்லிமீற்றர் அளவு நெருங்கலாம், தொடலாகாது. தொட்டால் அவ்விடத்தில் மரம் முண்டு கட்டும். அடுத்த முறை அங்கே வெட்ட வராது. அத்தனை நுட்பமாகக் கத்தி செல்ல வேண்டுமானால் பிடி கைக்குள் அசையக் கூடாது. பிடியை உள்ளங்கையோடு அணைத்து இறுக்குபவை மோதிரவிரலும் சிறுவிரலும். அவற்றுக்குரிய எலும்புகள் மடங்கிக் கொடுப்பதாலேதான் உள்ளங்கை குழிந்து பிடியைக் கவ்வுகிறது. சந்தேகமிருந்தாற் சிறுவிரலை நீட்டி வைத்துக்கொண்டு மண்வெட்டியை ஓங்கிப் பாருங்கள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, உலக்கை எல்லாவற்றுக்கும் இதே கதை. சுட்டுவிரலும் பெருவிரலும் கொழுந்து கிள்ளும்; பாரத்தைப் பிடிப்பது மற்றப் பக்கம். பற்றுவதற்கென்று தளர்த்தி வைத்த எலும்பைக் கொண்டுபோய் மண்டையில் மோதினால் முறியாமல் என்ன செய்யும்?

2013இல் அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், மனிதக் கையின் அளவுகளே முஷ்டி பிடித்துக் குத்துவதற்கு வாய்ப்பாக அமைந்தவை என்று எழுதினார்கள். மற்ற விஞ்ஞானிகள் பலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் ஒருநாட் காலையில் எங்கள் பால்வெட்டுக்காரரோடு நடந்திருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார்களோ என்னவோ.

எலும்பு முறிவிலும் பொல்லாதது ஒன்றுண்டு. அதைத் தாய்மார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வாயிற் குத்தினால் எதிரியின் பல் முட்டியின் தோலைக் குத்தும். காயம் எள்ளளவுதான் இருக்கும். ஆனால் கை மூடியிருந்தபோது பட்ட காயம் அது. விரல்களை விரித்ததும் உள்ளேயுள்ள நரம்புநாண் பின்னுக்கு இழுபட, துளை மூடிக்கொள்ளும். வாயிலிருந்த கிருமிகள் மூட்டுக்குள்ளே அடைபட்டுவிடும். மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்தால் மூட்டே கெட்டு, விரல் மடங்காமற் போவதுண்டு. பிள்ளை சண்டை பிடித்ததற்கு அப்புறம் ஏசிக்கொள்ளலாம். முட்டியில் அப்படிக் காயம் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகளே, வைத்தியரிடம் முட்கம்பி கீறியது என்று பொய் சொல்லாதீர்கள். பல் பட்ட காயத்துக்கு மருந்து வேறு.

குத்துவதை ஒரு கலையாகப் பயில விரும்புகிறவர்களை நான் தடுப்பவனல்லேன். 1938இல் சிட்னியில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டியிலே நம் நாட்டுக்குத் தங்கப் பதக்கம் கொணர்ந்த பார்னி ஹென்றிகஸ் குத்துச்சண்டை வீரரே. 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் அனுஷா கொடிதுவக்கு வெண்கலம் பெற்றார். அரையிறுதியில் அவரை வென்றவர் மணிப்பூர் மேரி கோம். ஆகவே இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வித்தையுமன்று. அங்கே நல்ல பயிற்சியாளர் முதல் நாளே யாரையும் குத்த விடமாட்டார். முதலிற் கைக்குத் துணி சுற்றக் கற்பிப்பார். பிறகு முஷ்டி பிடிக்க. நான்கு விரல்களையும் நுனியிலிருந்து உருட்டி மடக்க வேண்டும். பெருவிரல் வெளியே, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்காக, அணைந்து கிடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்துவார்கள். அப்படிக் குத்தினால் அதுவே முதலில் நசுங்கும். வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் அடிமூட்டிலே முறியும். 1882இல் டப்ளின் நகரத்துச் சத்திரவைத்தியர் பென்னெற் விவரித்த முறிவு அதுவே. புறங்கையும் முன்கையும் ஒரே மட்டமாக, மேலே ஓர் அடிமட்டத்தை வைத்தால் ஆடாமற் கிடக்கும்படி மணிக்கட்டு நிமிர்ந்திருக்க வேண்டும். போட்டியிலும் கையுறையின் முட்டிப் பகுதியாற் பட்ட குத்துக்கே புள்ளி. உள்ளங்கையாலோ பக்கவாட்டிலோ பட்டதற்கு இல்லை.

கடிதம் எழுதிய தம்பி இவ்வளவையும் படித்துவிட்டு, “சேர், அப்படியானால் ஒருவன் என்னை அடிக்க வந்தால்?” என்று கேட்கக்கூடும். ஓடிவிடு என்று சொல்வேன். ஓட இடமில்லையென்றால், முஷ்டியைப் பொத்தாதே. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அவன் மார்பைத் தள்ளிவிட்டு வழி பார். அங்கே சதை தடித்திருக்கிறது; முறிய மெல்லிய எலும்பு முன்னே இல்லை. அதற்குமேற் சொல்ல எனக்குத் தெரியாது. நான் தமிழ் படிப்பிக்கிறவன்.

என் மாணவனுக்குப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னதாகக் கட்டை அவிழ்த்தார்கள். பேனாவைப் பிடிக்க மூன்று விரல்கள் போதும் என்றே நானும் நினைத்திருந்தேன். எழுதும் கை கடதாசியின்மேல் ஊன்றி நிற்பது சிறுவிரற் பக்கத்தால் என்பது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ஐந்து வரிக்கு ஒருமுறை பேனாவை வைத்துக் கையை உதறிக்கொண்டே எழுதினான். கணிதம் தப்பிற்று. தமிழ்க் கட்டுரை பாதியில் நின்றது. முழுமையாக எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் எண்ணுவேன். என் மாணவர்களில் நல்ல கட்டுரை எழுதக்கூடியவன் அவன்.

இப்போது அவன் தாயோடு பால்வெட்டப் போகிறான். தாய்க்கு முழங்கால் வலி. மேட்டுப் பக்கத்து மரங்களை அவன் எடுத்துக்கொண்டான். சென்ற மாதம் வீதியிற் கண்டபோது கையைக் காட்டச் சொன்னேன். பொத்திக் காட்டினான். மூன்று முட்டிகள் வரிசையாக நின்றன. நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு பள்ளம். வலிக்கிறதா என்றேன். “மழை நாளிலே மட்டும் சேர்” என்றான். சப்பிரகமுவவில் மழையில்லாத நாள் எத்தனை என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.